உரைத்தொகுப்பியைத் தெரிவுசெய்தல்

உரைத்தொகுப்பி என்பது வெற்று உரைக் கோப்புகளை உருவாக்கவும், திறக்கவும், திருத்தவும், சேமிக்கவும் பயன்படும் மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது எடிட்டர் எனப்படுகிறது. நிரல் எழுதுதல், வழங்கிகளின் அமைப்புக் கோப்புகளை மாற்றுதல், பதிவுக் கோப்புகளைப் படித்தல், தரவுகளைச் சீர்செய்தல், குறிப்பெடுத்தல் போன்ற அன்றாடத் தொழில்நுட்பப் பணிகள் பெரும்பாலும் இதன் மூலமே நடைபெறுகின்றன. மாணவப் பருவத்தில் பழகிய உரைத்தொகுப்பியையே பலர் பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்துகின்றனர். ஆகையால் இதனைத் தெரிவுசெய்யும்போது தோற்றத்தையும் வசதிகளின் எண்ணிக்கையையும் மட்டும் நோக்குவது போதாது. திறந்த கோப்பைச் சிதைக்காமல் திரும்ப எழுதுகிறதா, பணி நடைபெறும் கணினியில் கிடைக்கிறதா, நெடுநாள் நிலைத்திருக்குமா ஆகிய மூன்று வினாக்கள் முதன்மையானவை.

சொற்செயலியிலிருந்து வேறுபாடு

சொற்செயலி எழுத்துகளுடன் எழுத்துரு, அளவு, நிறம், பக்க அமைப்பு போன்ற விபரங்களையும் கோப்பில் சேர்த்து வைக்கிறது. உரைத்தொகுப்பியோ எழுத்துகளை மட்டுமே வைக்கிறது. உரைத்தொகுப்பியில் காணப்படும் நிறங்கள் திரைக்கு மட்டுமே உரியவை. அவை கோப்பில் இடம்பெறுவதில்லை. சொற்செயலியில் நிரல் எழுதினால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த மேற்கோள் குறிகளாகத் தாமாகவே மாறிவிடும். இவ்விரண்டும் கணினிக்கு வெவ்வேறு குறியீடுகள் ஆதலால் கம்பைலர் அந்நிரலை ஏற்காது.

ஒருங்கிணைந்த விருத்திச் சூழல் என்பது உரைத்தொகுப்பியுடன் கம்பைலர், பிழைநீக்கி போன்றவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தருவது. நீட்சிகள் பெருகியதால் இவ்விரண்டிற்கும் இடையிலான எல்லை இன்று மங்கியுள்ளது.

வரலாறு

தொடக்ககால உரைத்தொகுப்பிகள் வரித் தொகுப்பிகளாக இருந்தன. அக்காலத்தில் பயனர்கள் காகிதத்தில் அச்சிடும் தொலைத்தட்டச்சுப் பொறி வழியாகக் கணினியுடன் தொடர்புகொண்டனர். முழுக் கோப்பையும் காண இயலாததால், எந்த வரியில் என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்பதைக் கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கென் தாம்சன் 1969 இல் யுனிக்ஸ் இயங்குதளத்திற்காக எழுதிய ஈடி இவ்வகையைச் சார்ந்தது. பிழையான கட்டளைக்கு அது ஒரு வினாக்குறியை மட்டுமே விடையாகத் தரும். ஈடியில் இருந்த தேடல் கட்டளை ஒன்றின் வடிவமே கிரெப் எனும் கருவியின் பெயராயிற்று.

திரையுடன் கூடிய முனையங்கள் வந்தபின் முழுத்திரைத் தொகுப்பிகள் தோன்றின. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1970களின் பிற்பகுதியில் வீஐ தொகுப்பியை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் எனும் நான்கு எழுத்து விசைகளின்மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. வீஐ வழிவந்த தொகுப்பிகளில் இந்நான்கு விசைகள் இன்றும் இடங்காட்டியை நகர்த்துவதற்கு இதுவே காரணம்.

இதே காலத்தில், 1976 இல், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் முதலியோரின் முயற்சியால் ஈமாக்ஸ் தோன்றியது. அது டீக்கோ எனும் பழைய தொகுப்பியின் கட்டளைத் தொகுதிகளாக எழுதப்பட்டிருந்தது. ஸ்டால்மன் புதிதாக எழுதிய குனூ ஈமாக்ஸ் 1985 இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது.

முதன்மை வகைகள்

வீஐ மரபு: இதில் கட்டளை நிலை, செருகு நிலை எனத் தனித்தனி நிலைகள் உள்ளன. கட்டளை நிலையில் எழுத்து விசைகள் எழுத்துகளைப் பதிக்காமல் கட்டளைகளாகச் செயற்படும். எடுத்துக்காட்டாக டி விசையை இருமுறை அழுத்தினால் ஒரு வரி நீங்கும். முன்னால் 5 என்று தட்டினால் ஐந்து வரிகள் நீங்கும். செயலையும் அளவையும் இவ்வாறு சேர்த்துச் சொல்லும் முறை பழகியவருக்கு மிக விரைவானது. புதியவருக்கோ வெளியேறுவதே இடராக அமையும். எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளியும் கியூ எழுத்தும் தட்டி, என்டர் விசையை அழுத்த வேண்டும். சேமிக்காமல் வெளியேற வேண்டுமாயின் கியூவை அடுத்து வியப்புக்குறி இட வேண்டும். பிராம் மூலெனார் 1991 இல் வெளியிட்ட விம், இம்மரபில் பெரிதும் புழங்குவதாகும். அவர் 2023 இல் காலமானார். விம் நிரலிலிருந்து 2014 இல் நியோவிம் எனும் கிளைத்திட்டம் தோன்றியது.

ஈமாக்ஸ் மரபு: இதில் தனி நிலைகள் இல்லை, கட்டளைகள் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் சேர்த்து இடப்படுகின்றன. இதன் பெரும்பகுதி ஈமாக்ஸ் லிஸ்ப் எனும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. இயங்கிக்கொண்டிருக்கும்போதே பயனர் அதன் போக்கை மாற்றி அமைக்கலாம்.

எளிய தொகுப்பிகள்: நானோ, விண்டோஸின் நோட்பேட் ஆகியன இவ்வகையின. நானோ திரையின் அடியில் முக்கிய கட்டளைகளைக் காட்டிக்கொண்டே இருப்பதால் முன்பயிற்சி தேவையில்லை. பெடோரா லினக்ஸ் 2020 இல் தன் இயல்பிருப்புத் தொகுப்பியாக வீஐக்குப் பதில் நானோவை ஏற்றது.

வரைகலைத் தொகுப்பிகள்: டான் ஹோ 2003 இல் வெளியிட்ட நோட்பேட்++, 2008 இல் வந்த சப்லைம் டெக்ஸ்ட், கேடீஈ சூழலின் கேட், மைக்ரோசாப்ட் 2015 இல் அறிவித்த விசுவல் ஸ்டுடியோ கோட் போன்றவை இவ்வகையின. நிரலாளர்களிடையே ஸ்டாக் ஓவர்ஃபுளோ 2023 இல் நடத்திய ஆய்வில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விசுவல் ஸ்டுடியோ கோட் பயன்படுத்துவதாகக் கூறினர்.

மொழிவழங்கி நெறிமுறை

நிரல்மொழியைப் புரிந்துகொண்டு பிழை காட்டுவதும், பெயர்களை நிறைவுசெய்வதும் முற்காலத்தில் ஒவ்வொரு தொகுப்பிக்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டியிருந்தன. மைக்ரோசாப்ட் 2016 இல் மொழிவழங்கி நெறிமுறையைப் பொதுத்தரமாக வெளியிட்டது. இதன்படி ஒரு மொழிக்குரிய அறிவு தனி நிரலில் இருக்கும். எந்தத் தொகுப்பியும் அந்நிரலுடன் செய்தி பரிமாறிக்கொள்ளலாம். 10 மொழிகளும் 10 தொகுப்பிகளும் இருப்பின் முன்பு 100 இணைப்புகள் தேவைப்பட்டன. இப்போது 20 நிரல்கள் போதும். விம், நியோவிம், ஈமாக்ஸ், கேட் ஆகியவற்றிலும் இவ்வசதி பயன்படுகிறது. ஆகவே மொழி ஆதரவு ஒன்றை மட்டும் கருதி ஒரு தொகுப்பியைத் தெரிவுசெய்ய வேண்டிய தேவை குறைந்துள்ளது.

தெரிவிற்கான அளவுகோல்கள்

கோப்பைச் சிதைக்காமை

நல்ல உரைத்தொகுப்பியின் முதற்கடமை, பயனர் மாற்றிய இடத்தை மட்டும் மாற்றி, ஏனையவற்றைப் படித்தவாறே திரும்ப எழுதுவதாகும். இதில் நான்கு இடங்களில் தவறு நேர்கிறது.

1. வரிமுடிவு: யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் வரியின் முடிவு ஒரு பைட்டு; அதன் மதிப்பு 10. விண்டோஸில் 13, 10 என இரு பைட்டுகள். விண்டோஸ் முறையில் சேமித்த கட்டளைநிரலை லினக்ஸில் இயக்கினால், முதல்வரியில் உள்ள நிரற்பெயரின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத 13 ஒட்டிக்கொண்டு, அப்பெயரில் நிரல் இல்லை எனும் பிழை தோன்றும். யுனிக்ஸ் வரிமுடிவுகளை நோட்பேட் 2018 முதலே புரிந்துகொள்கிறது. அதற்கு முன் முழுக்கோப்பும் ஒரே வரியாகத் தெரிந்தது.

2. தாவல் குறி: மேக் கருவியின் கோப்புகளில் கட்டளை வரிகள் தாவல் குறியுடன் தொடங்க வேண்டும். அதனை வெற்றிடங்களாக மாற்றும் தொகுப்பியால் அக்கோப்பு இயங்காமல் போகும். பைத்தான் 3 மொழியில் உள்தள்ளலில் தாவல் குறியும் வெற்றிடமும் முரணாகக் கலந்தால் பிழை எழும்.

3. பைட்டு வரிசைக் குறி: சில தொகுப்பிகள் யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட்டு கொண்ட குறி ஒன்றைச் சேர்க்கின்றன. இக்குறி திரையில் தெரியாது. ஆயினும் லினக்ஸ் கட்டளைநிரல்களின் முதல்வரியைப் பயனற்றதாக்கும். நோட்பேட் 2019 முதல் இக்குறியின்றிச் சேமிப்பதை இயல்பிருப்பாகக் கொண்டுள்ளது.

4. தானியங்கிச் சீரமைப்பு: சேமிக்கும்போது வரியிறுதி வெற்றிடங்களை நீக்குவதும், நிரலை மறுசீரமைப்பதும் பயனுள்ளவை. ஆயினும் குழுவாகச் செய்யும் பணியில் ஒரு சொல்லைத் திருத்தியவர் பெயரில் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகப் பதிவாகும். மார்க்டவுன் முறையில் வரியிறுதியிலுள்ள இரு வெற்றிடங்களுக்குப் பொருள் உண்டு. அவற்றை நீக்கினால் ஆவணத்தின் அமைப்பு மாறும்.

எடிட்டர்கான்ஃபிக் எனும் பொது அமைப்புக் கோப்பு, ஒரு திட்டத்தில் பயன்படும் குறியேற்றம், வரிமுடிவு, உள்தள்ளல் ஆகியவற்றை எல்லாத் தொகுப்பிகளுக்கும் பொதுவாக அறிவிக்க உதவுகிறது.

பணியிடத்தில் கிடைத்தல்

தொலைவிலுள்ள வழங்கிகளில் பணிபுரிவோருக்கு வரைகலைச் சூழல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வீஐ தொகுப்பி போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றுள்ளது. சிறு கருவிகளிலும் வழிச்செயலிகளிலும் பயன்படும் பிசிபாக்ஸ் தொகுதியிலும் ஒரு சிறிய வீஐ உண்டு. எனவே வேறெதைப் பயன்படுத்துபவரும் வீஐயில் திறத்தல், தேடுதல், ஒரு வரியைத் திருத்துதல், சேமித்தல், வெளியேறுதல் ஆகிய ஐந்தையும் அறிந்திருப்பது நன்று. வழங்கி பழுதுற்ற நேரத்தில் வேறு தொகுப்பியை நிறுவ இயலாமற்போகலாம்.

இதற்கு மாற்றுவழிகளும் உள்ளன. ஈமாக்ஸின் டிராம்ப் தொகுதி, தொலைக்கோப்பை உள்ளூர்க் கோப்புப் போலத் திறக்கிறது. விசுவல் ஸ்டுடியோ கோட் 2019 முதல் தன் பகுதி ஒன்றைத் தொலைக்கணினியில் இயக்கிப் பணிபுரியும் வசதியைத் தருகிறது. ஆனால் மிகப் பழைய இயங்குதளங்களிலும் நினைவகம் குறைந்த கணினிகளிலும் அப்பகுதி இயங்காது.

பெரிய கோப்புகள்

கோப்பின் எழுத்துகளை நினைவகத்தில் வைத்திருக்கும் முறை தொகுப்பிக்குத் தொகுப்பி வேறுபடும். ஈமாக்ஸ், உரையின் நடுவே இடங்காட்டி இருக்குமிடத்தில் ஒரு வெற்றிடைவெளியை வைத்திருக்கிறது. தட்டச்சிடும்போது அவ்விடைவெளி நிரம்புவதால், பின்னுள்ள உரை முழுவதையும் ஒவ்வோர் எழுத்திற்கும் நகர்த்த வேண்டியதில்லை. விசுவல் ஸ்டுடியோ கோட் 2018 இல் மூலத்துண்டுகளையும் புதிதாகச் சேர்த்த துண்டுகளையும் ஒரு மரத்தில் அடுக்கும் முறைக்கு மாறியது. மிகப்பெரிய கோப்புகளில் இது வண்ணக்காட்டல் முதலிய சில வசதிகளைத் தானாகவே நிறுத்திக்கொள்கிறது. பல கிகாபைட்டு அளவுள்ள பதிவுக் கோப்பைப் படிக்க மட்டுமே வேண்டுமாயின் தொகுப்பியே தேவையில்லை. முழுக்கோப்பையும் ஏற்றாமல் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் எனும் கருவி போதுமானது.

மீட்பு

மின்தடையோ இணைப்பறுதலோ நேரும்போது சேமிக்காத திருத்தங்கள் இழக்கப்படலாம். விம் திருத்தங்களை ஓர் இடைமாற்றுக் கோப்பில் அவ்வப்போது எழுதிவைத்து, அடுத்த முறை திறக்கும்போது மீட்கத் தருகிறது. அதே கோப்பு வேறோர் இடத்தில் திறந்திருந்தாலும் இதனால் எச்சரிக்கை கிடைக்கும். ஈமாக்ஸ் தானியங்கிச் சேமிப்புக் கோப்பு ஒன்றை எழுதுகிறது.

சில கோப்புகளைத் தொகுப்பியால் நேரடியாகத் திறப்பதே தவறு. லினக்ஸில் நிருவாக உரிமைகளை வரையறுக்கும் சுடூயர்ஸ் கோப்பை விசுடூ எனும் கட்டளை வழியாகவே திருத்த வேண்டும். அது பயனர் விரும்பும் தொகுப்பியைத் திறந்து, பிழையிருந்தால் சேமிக்குமுன் எச்சரிக்கும். அக்கோப்பு பிழையுடன் சேமிக்கப்பட்டால் சுடூ கட்டளை இயங்க மறுக்கக்கூடும். அதைத் திருத்தத் தேவையான உரிமையும் அதனுடன் போய்விடலாம்.

நீட்சிகளும் பாதுகாப்பும்

பெரும்பாலான தொகுப்பிகளில் நீட்சிகள் பயனருக்குரிய எல்லா உரிமைகளுடனும் இயங்குகின்றன. நிறத்தை மாற்றுவதற்காக நிறுவிய நீட்சியும் கோப்புகளைப் படிக்கவும் இணையத்துடன் தொடர்புகொள்ளவும் இயலும். நீட்சிகள் இல்லாத நிலையிலும் இடர் இல்லாமலில்லை. உரைக் கோப்பினுள் அமைப்புகளை எழுதிவைக்க உதவும் விம்மின் ஒரு வசதியில் 2019 இல் ஒரு குறைபாடு கண்டறியப்பட்டது. தீய நோக்குடன் ஆக்கப்பட்ட கோப்பைத் திறந்த அளவிலேயே கட்டளைகள் இயங்க அது இடமளித்தது. பின்னர் அது திருத்தப்பட்டது.

நிரலைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவு வசதிகள் 2021 முதல் தொகுப்பிகளில் பரவின. இவற்றுள் பல, திறந்துள்ள உரையின் பகுதிகளை நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புகின்றன. கடவுச்சொற்களோ பிறருடைய தனிவிபரங்களோ உள்ள கோப்புகளைத் திறக்குமுன் இவ்வசதியின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும்.

நிலைத்திருத்தல்

கிட்ஹப் நிறுவனம் 2014 இல் ஆட்டம் எனும் தொகுப்பியை வெளியிட்டது. அது கட்டற்ற மென்பொருளாக இருந்தும், 2022 திசம்பரில் அதன் விருத்தி நிறுத்தப்பட்டது. அதற்கென எழுதிய நீட்சிகளையும் பழகிய விசைச்சேர்க்கைகளையும் பயனர்கள் கைவிட நேர்ந்தது. மாறாக, வீஐ கட்டளைகளைக் கற்றவர் 40 ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைப் பயன்படுத்தி வருகிறார். அக்கட்டளைகள் ஒரே மென்பொருளைச் சார்ந்திராமல், விம், நியோவிம், ஈமாக்ஸின் ஈவில் தொகுதி எனப் பலவற்றில் கிடைப்பதே இதற்குக் காரணம்.

உரிமமும் இங்கு கருதத்தக்கது. விசுவல் ஸ்டுடியோ கோட்டின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் மைக்ரோசாப்ட் வழங்கும் நிறுவற்கோப்பு வேறோர் உரிமத்துக்கு உட்பட்டது. அதே மூலநிரலிலிருந்து ஆக்கப்படும் விஎஸ்கோடியம் பயன்பாட்டுத் தகவல் அனுப்புவதை இயல்பாக நிறுத்திவைத்துள்ளது.

தமிழ் உரையும் உரைத்தொகுப்பிகளும்

தமிழ் உரையைக் கையாள்வோருக்குக் குறியேற்றமே முதன்மையான சிக்கல் ஆகும். ஒருங்குறி பரவுமுன் தமிழ் பல எட்டு நுண்மிக் குறியேற்றங்களில் எழுதப்பட்டது. அவற்றுள் டிஸ்கி, தாழ்ந்த 128 இடங்களில் ஆங்கிலத்தையும் உயர்ந்த இடங்களில் தமிழையும் வைத்தது. தமிழ்நாடு அரசு 1999 இல் டாப், டாம் ஆகியவற்றை ஏற்று, 2010 இல் ஒருங்குறிக்கும் டேஸ்16 குறியேற்றத்திற்கும் மாறியது. இன்று பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8, கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 இல் வடிவமைத்தது. ஈடி தொகுப்பியை எழுதிய அதே தாம்சன் இவர்.

பழைய டிஸ்கிக் கோப்பு ஒன்றை யூடிஎஃப்-8 எனக் கருதித் திறந்தால், பொருந்தாத பைட்டுகளுக்குப் பதிலாகச் சில தொகுப்பிகள் ஒரு பதிலீட்டுக் குறியை இடுகின்றன. அந்நிலையில் சேமித்தால் வெவ்வேறாக இருந்த எழுத்துகள் அனைத்தும் அந்த ஒரே குறியாகிவிடும். மூல உரையை அக்கோப்பிலிருந்து இனி மீட்க இயலாது. விசுவல் ஸ்டுடியோ கோட் இவ்வாறு செயற்படும். விம், இயல்பான அமைப்பில், யூடிஎஃப்-8 பொருந்தாதபோது லத்தீன்-1 எனக் கொண்டு திறக்கிறது. திரையில் தமிழ் தெரியாது. ஆனால் பைட்டுகள் மாறாமல் திரும்ப எழுதப்படும். ஈமாக்ஸும் புரியாத பைட்டுகளை அவ்வாறே காத்துவைக்கிறது. எனவே பழைய தமிழ்க் கோப்புகளைத் திறக்குமுன் படியெடுத்து வைத்தல் வேண்டும். லினக்ஸில் பயன்படும் குனூ சி நூலகத்தின் ஐகான்வ் கருவி டிஸ்கியை யூடிஎஃப்-8 ஆக மாற்றவல்லது.

ஒருங்குறியிலும் கவனிக்க வேண்டியவை உள்ளன.

1. "தமிழ்" எனும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறிக் குறியீடுகள் ஐந்து (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). யூடிஎஃப்-8 இல் பைட்டுகள் 15. குறியீட்டளவில் தேடும் தொகுப்பியில், "எந்த எழுத்தாயினும்" எனப் பொருள்படும் புள்ளிக் குறியை மூன்று முறை இட்டால் அச்சொல் முழுவதும் பொருந்தாது. ஐந்து முறை இட வேண்டும்.

2. "கொ" என்பதைக் ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. குறியீடுகளை மட்டும் ஒப்பிடும் தொகுப்பி, ஒன்றைத் தேடும்போது மற்றதைக் கண்டுபிடிக்காது.

3. முனையங்கள் எழுத்துகளைச் சம அகலமுள்ள கட்டங்களில் வைக்கின்றன. தமிழ் எழுத்துகளின் அகலம் பலவகைப்படுவதால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், இடங்காட்டி விலகித் தெரிவதும் உண்டு. நீண்ட தமிழ் உரைகளுக்கு வரைகலைத் தொகுப்பி ஏற்றது.

4. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது விம்மின் கட்டளை நிலை விசைகள் செயற்படா. விம்மிலேயே உள்ள விசைவரைபட வசதியைப் பயன்படுத்தினால், செருகு நிலையில் மட்டும் தமிழும் கட்டளை நிலையில் வழக்கமான விசைகளும் கிடைக்கும். ஈமாக்ஸிலும் தமிழ் உள்ளீட்டு முறைகள் உள்ளிணைந்துள்ளன.

சோதித்துத் தெரிவுசெய்தல்

ஒரு தொகுப்பியை ஏற்குமுன் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். சில தமிழ் வரிகள், தாவல் குறியுடன் தொடங்கும் ஒரு வரி, வெற்றிடங்களில் முடியும் ஒரு வரி, விண்டோஸ் வரிமுடிவு ஆகியன கொண்ட ஒரு சிறு கோப்பை உருவாக்கிப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அக்கோப்பைத் திறந்து, ஓர் எழுத்தை மட்டும் சேர்த்துச் சேமித்து, டிஃப் கருவியால் படியுடன் ஒப்பிட வேண்டும். ஒரு வரி மட்டுமே மாறியிருப்பின் தொகுப்பி நம்பத்தக்கது. கடைசி வரியின் முடிவில் வரிமுடிவுக் குறி இல்லையெனில் விம், நானோ ஆகியன அதைச் சேர்க்கும். யுனிக்ஸ் மரபில் இது பெரும்பாலும் தீங்கற்றது.

நடைமுறையில் ஒரே தொகுப்பியோடு நிற்க வேண்டியதில்லை. அன்றாடம் ஆழ்ந்து பழக ஒன்று, எவ்விடத்தும் கிடைக்கும் வீஐ அல்லது நானோவில் அடிப்படைப் பயிற்சி என்ற இணைப்பு பெரும்பாலான பணிகளுக்குப் போதுமானது. வசதிகளைப் பின்னர் நீட்சிகளால் சேர்க்கலாம். சேமிக்கும்போது அழிந்துபோன எழுத்துகளைச் சேர்க்க எந்த நீட்சியாலும் இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

* சொற்செயலி
* ஒருங்கிணைந்த விருத்திச் சூழல்
* ஒருங்குறி
* டிஸ்கி
* கட்டற்ற மென்பொருள்